மேடைக்கு ஒளியமைத்தல்

(சங்க நாடகப் பகுதியினரின் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



கலைவிழாவுக்கு இன்னும் இரண்டு மாதங்கள் இருக்கின்றன. பாட்டுக்கு ஆள் குறித்தாயிற்று. நடிப்புக்கு ஆள் குறித்தாயிற்று. உடைக்கும் ஒப்பனைக்கும் ஆள் குறித்தாயிற்று. ஒளியமைப்புக்கு மாத்திரம் ஒருவரும் முன்வரவில்லை என்றும், அதைப்பற்றிச் சில வார்த்தைகள் கூறவேண்டும் என்றும் செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். "விளக்குத்தானே, அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்பது நம்மவரிடையே ஊறிப்போன எண்ணம். அந்த எண்ணத்தினால் ஒரு நல்ல நாடகத்தைப் பாழாக்கிய ஒருவனை யான் நன்கறிவேன். அவன் யானே.

நான் மாணவனாயிருந்த காலத்தில் எங்கள் ஊர் வாலிபர் சிலர் கூடி அரிச்சந்திர மயான காண்டத்தை மேடையேற்றினோம். நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் மயான காண்டத்தைக் கோயில் வீதிகளிலே விடிய விடியப் பார்த்து மயங்கியிருந்த காலம் அது. எங்கள் நாடகத்திலே சந்திரமதியாக நடித்தவர் எங்களுள் மூத்த ஓர் அண்ணர். மூன்று மாதம் இரவிரவாகப் பாடம் பண்ணினார். ஒளிக்குப் பொறுப்பாளன் நான். சுடலை என்றால் இருட்டு. இருட்டு என்றால் நீலம். எனது திட்டம் இவ்வளவே. கடையில் வாங்கிய அடர்நீலக் கண்ணாடித்தாளை நான்கு விளக்குகளிலும் சுற்றிக் கட்டினேன்.

திரை விலகிற்று. மேடையிலே ஏதோ இரண்டு உருவங்கள் அசைவது தெரிந்ததேயன்றி வேறொன்றும் தெரியவில்லை. மகனை மடியிற் கிடத்திச் சந்திரமதி புலம்புகின்றாள். புலம்பும் முகத்தைக் காணோம். "தம்பி, ஒண்டும் தெரியேல்லை, லைற்றைப் போடடா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. நான் பதறிப்போய்ச் சுவரிலிருந்த சுவிச்சைத் தட்டிவிட்டேன். மண்டபத்துக் குழல் விளக்குகள் யாவும் கண்சிமிட்டிக் கண்சிமிட்டி எரிந்தன. அக்கணமே சுடலை மறைந்தது. முகத்திற் பவுடர் அப்பிய ஓர் அண்ணரும், அவர் மடியிலே சிரிப்பை அடக்கிக்கொண்டு கிடந்த லோகிதாசனுமே எஞ்சினர். சபை முழுவதும் சிரித்தது. திரைக்குப் பின்னால் வந்த அண்ணர் என்னை ஏசவில்லை. "மூண்டு மாசம், தம்பி" என்று மட்டும் சொன்னார். அதன்பின் அவர் மேடையேறவேயில்லை.

அன்று எனக்குக் குறைவாக இருந்தது விளக்கன்று, திட்டம். அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

பழந்தமிழர் கண்ட உண்மை

ஒளியமைப்பு மேனாட்டார் தந்த புதுமை என்று சிலர் எண்ணுவர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் படித்தோர் அவ்வாறு எண்ணார். இருபத்துநான்கு பெருவிரல் நீளங் கொண்ட கோலினால் அளந்து, எட்டுக்கோல் நீளமும் ஏழுகோல் அகலமும் ஒருகோல் உயரமுமாக அரங்கு அமைத்த செய்தியை இளங்கோவடிகள் அங்கே கூறுகின்றார். அதனோடு நில்லாமல், தூண்களின் நிழல் அரங்கினுள் விழாது வெளியே விழும்படி விளக்கை நிறுத்தினர் என்றும் கூறுகின்றார். இதனைச் சற்றே சிந்தியுங்கள். விளக்கு எத்தனை என்று அவர் எண்ணவில்லை. விளக்கின் நிழல் எங்கே விழுகின்றது என்றே பார்த்தார். ஒளியமைப்பாளன் கற்கவேண்டிய முதற் பாடம் இதுதான். விளக்கை நோக்காதே, அது எங்கே படுகின்றது, எங்கே நிழல் செய்கின்றது என்பதை நோக்கு.

மட்டக்களப்பின் வட்டக்களரியில் ஆடும் கூத்துக்குச் சுற்றிவரச் சபை இருக்கும். ஆகவே சுற்றிவர வெளிச்சம் வேண்டும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1960களிலே அக்கூத்தைச் சுருக்கிச் செம்மைப்படுத்திப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது, சபை ஒரு பக்கத்துக்கு வந்துவிட்டது. சபை இடம் மாறினால் ஒளியும் இடம் மாறவேண்டும் என்பது வெளிப்படை. களரிக்கு ஏற்ற ஒளி மேடைக்கு ஏலாது. ஒரு மண்டபத்துக்கு ஏற்றது இன்னொரு மண்டபத்துக்கு ஏலாது. சென்ற ஆண்டு வேறோரிடத்திற் கண்ட அமைப்பை அப்படியே இங்கே பெயர்த்து வைப்பதனாற் பயனில்லை.

முதலில் நாடகம், பின்னர் விளக்கு

மேடையொளிக்கு மூன்று கடமைகள் உண்டு. நடிப்போரின் முகத்தையும் கையையும் காட்டுதல் ஒன்று. எங்கே பார்க்கவேண்டும் என்று சபையோரின் கண்ணை வழிநடத்துதல் இரண்டு. பொழுதையும் இடத்தையும் உள்ளத்தின் நிலையையும் உணர்த்துதல் மூன்று. நம்மவர் மூன்றாவதிலிருந்து தொடங்குகின்றனர். சிவப்பு வேண்டும், நீலம் வேண்டும், புகை வேண்டும் என்கின்றனர். முதலாவது நிறைவேறாவிடின் மற்றிரண்டும் வீண்.

ஆகவே விளக்குக் கடைக்குச் செல்லுமுன் நாடகப் பிரதியைக் கையிலெடுங்கள். ஒரு தாளிலே மூன்று கோடுகள் கீறி, காட்சி, பொழுது, நடிப்போர் நிற்கும் இடம், சபை கட்டாயம் காணவேண்டியது என நான்கு பத்திகள் வகுத்துக்கொள்ளுங்கள். நான்காம் பத்தியே உயிரானது.

நான் கெடுத்த மயான காண்டத்தையே எடுத்துக்கொள்வோம். சுடலைக் காவலனாகிய அரிச்சந்திரன், பிணஞ்சுடக் கூலி கேட்கின்றான். தன்னிடம் ஒன்றுமில்லை என்கின்றாள் சந்திரமதி. கழுத்திலே தாலி இருக்கின்றதே என்கின்றான் அவன். கணவன் ஒருவனுக்கே புலப்படும் அத்தாலியை இவன் கண்டான் என்றதும் அவள் திடுக்கிடுகின்றாள். நாடகம் முழுவதும் அந்த ஒரு கணத்தை நோக்கியே வருகின்றது. ஆகவே நான்காம் பத்தியில் என்ன எழுதுவீர்கள்? "சந்திரமதியின் முகமும் கழுத்தும், அரிச்சந்திரனின் கண்." இதை எழுதிவிட்டால், அடர்நீலத்தில் அவளை மூழ்கடிக்க உங்கள் கை எழுமா?

இன்று அக்காட்சியை நான் அமைப்பதாயின் இவ்வாறு செய்வேன். மேடையின் பின்மூலையில் உயரத்திலிருந்து வெளிர்நீல ஒளி ஒன்று, அது நிலவு. எதிர்ப்பக்கத்தில், விறகுக்கட்டைகளின் பின்னே தாழ்வாக மஞ்சட் செம்மையான சிறுவிளக்கு ஒன்று. அது சிதையின் தணல். முன்னாலிருந்து முகத்துக்கு வெள்ளொளி, முழு அளவில் மூன்றிலொரு பங்கு. இம்மூன்றும் சேர்ந்தால் இரவு. ஆனால் காணக்கூடிய இரவு. தாலியைப்பற்றிய சொல் எழும்போது, அவள்மேற் படும் ஒளியைப் பத்து எண்ணும் நேரத்தில் மெல்லமெல்ல உயர்த்துவேன். ஒளி கூடியதைச் சபையோர் ஒருவரும் கவனித்தலாகாது. அவள் முகம் மாறியதை மட்டுமே அவர்கள் காணவேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கற்பாலது. நமது கண் பேரொளியிலிருந்து இருளுக்குப் பழகச் சில நிமிடங்கள் செல்லும். அரசசபைக் காட்சியை முழுவெளிச்சத்திற் காட்டிவிட்டுத் திடீரெனச் சுடலைக்குச் சென்றால், உள்ள ஒளியும் சபையோருக்குத் தெரியாது. முன்னைய காட்சியின் கடைசிப் பாட்டிலேயே வெளிச்சத்தைச் சிறிது சிறிதாகத் தணித்து வாருங்கள். அவர்களின் கண் உங்களுடன் கூடவே வரும்.

மண்டபத்தை அளத்தல்

பிரதியைப் படித்தபின் அளவுநாடாவுடன் மண்டபத்துக்குச் செல்லுங்கள். மேடையின் அகலம், ஆழம், உயரம், கூரை வளையின் உயரம், மின்செருகிகள் இருக்கும் இடம் ஆகியவற்றைக் கட்டத்தாளிலே அளவுப்படி வரைந்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலே மேடையொளி கற்பித்த ஸ்ரான்லி மக்கான்ட்லெஸ் என்பவர் 1932 ஆம் ஆண்டில் ஒரு முறையை நூலாக எழுதி வெளியிட்டார். மேடையைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் முன்புறத்திலிருந்து இரண்டு விளக்குகளை, வலத்தே ஒன்றும் இடத்தே ஒன்றுமாக, ஏறக்குறைய 45 பாகைச் சரிவில் அமைக்கவேண்டும் என்பதும், ஒன்று சற்றே இளஞ்சூட்டு நிறமாகவும் மற்றையது சற்றே குளிர்நிறமாகவும் இருக்கவேண்டும் என்பதும் அவர் முறை. ஒரு பக்கம் சிறிது மஞ்சளாயும் மறுபக்கம் சிறிது நீலமாயும் இருப்பதனால் முகம் தட்டையாகாமல் மூக்கும் கன்னமும் உருவம் பெறுகின்றன. பிறகு எத்தனையோ முறைகள் தோன்றியுள்ளன. ஆயினும் தொடங்குவோருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

நம்முடைய மேடை இருபது அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதை மூன்று பகுதிகளாகப் பிரித்தால், பகுதிக்கு இரண்டாக ஆறு விளக்குகள் போதும். உயரக் கணக்கும் எளிது. மேடை மூன்றடி, நிற்பவரின் முகம் அதற்குமேல் ஐந்தடி. ஆக முகம் நிலத்திலிருந்து எட்டடி உயரத்தில் இருக்கின்றது. விளக்கு பதினாறடி உயரத்தில் தொங்கினால் முகத்துக்குமேல் எட்டடி. 45 பாகை வேண்டுமாயின் விளக்கு முகத்துக்கு முன்னாலும் எட்டடி தள்ளியிருக்கவேண்டும். கூரை தாழ்ந்த மண்டபமாயின் சரிவு சிறிது குறையட்டும், பாதகமில்லை. ஆனால் தலைக்கு நேர்மேலே தொங்கவிடாதீர்கள். கண்குழிகள் இருண்டு, நடிப்போர் யாவரும் பல நாள் காய்ச்சலிற் கிடந்தவர் போலத் தோன்றுவர்.

தூரத்தையும் மறவாதீர்கள். விளக்கை இருமடங்கு தூரத்துக்குக் கொண்டுபோனால் ஒளி பாதியாகக் குறையும் என்று பலர் நினைக்கின்றனர். அது நான்கிலொன்றாகக் குறையும். பத்தடியிற் போதுமாயிருந்த விளக்கு இருபதடியிற் போதாமைக்குக் காரணம் இதுவே.

கீழிருந்து மேலே படும் ஒளி நிழலைத் தலைகீழாக்கி முகத்தை விகாரப்படுத்தும். யமனுக்கும் சூரபன்மனுக்கும் அது பொருந்தும். சீதைக்கும் வள்ளிக்கும் பொருந்தாது. பரதநாட்டியத்துக்கோ முன்னொளியோடு பக்கவொளியும் வேண்டும். மேடையின் இரு பக்கச் சிறைகளிலிருந்தும் ஒளி படும்போதுதான் அரைமண்டியின் அமைப்பும், கை நீட்டத்தின் கோடும், முத்திரையின் விரல்களும் பின்திரையிலிருந்து பிரிந்து நிற்கும். ஆனால் அபிநயத்தின்போது கண்ணே பேசுகின்றது. அங்கே முன்னொளியைக் குறைக்காதீர்கள்.

நிறமும் உடையும்

நிறவொளி உடையின் நிறத்தை விழுங்கவல்லது. சிவப்புத் துணி சிவப்பொளியையே திருப்பி அனுப்புகின்றது. அதன்மேல் தனிப் பச்சையோ தனி நீலமோ பாய்ச்சினால், திருப்பி அனுப்ப ஒன்றுமின்றிக் கறுத்துவிடும். தாய்மார் ஆசையோடு தைத்துக்கொடுத்த அரக்குப் பட்டைப் பச்சை விளக்கின்கீழ்க் கரித்துணியாக்கிய மேடைகளை நான் கண்டிருக்கின்றேன். ஆகவே உடை தெரிவுசெய்யும் நாளில் ஒளியமைப்பாளனும் அங்கே இருக்கவேண்டும். துணித்துண்டு ஒன்றை விளக்கின்கீழ்ப் பிடித்துப் பார்க்கவேண்டும். சில அடர்நீலத் தாள்கள் நூற்றில் ஐந்து பங்கு ஒளியைக்கூட வெளியே விடுவதில்லை. என் சுடலை இருண்டதற்குக் காரணம் பின்னரே எனக்கு விளங்கிற்று.

இன்றைய எல்.ஈ.டி. விளக்குகள் ஒரே விளக்கிற் பல நிறம் தருகின்றன. நல்லதே. ஆனால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து உண்டாக்கும் வெள்ளை, முகத்திற் பட்டால் தோலின் நிறம் இயல்பாகத் தோன்றாது. முகத்துக்கு நேரே வெள்ளொளி தரும் விளக்கையே வாடகைக்கு எடுங்கள். நிறவிளக்குகளைப் பின்திரைக்கும் பக்கங்களுக்கும் வையுங்கள். நிறம் மாறிமாறிச் சுழலும் பொத்தான் ஒன்று அவற்றில் உண்டு. நாடக நாளில் அதை ஒருவரும் தொடலாகாது.

மின்சாரக் கணக்கு

இனிக் கூறப்போவதை விளையாட்டாகக் கேளாதீர்கள். நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ற். அதனை அம்பியராற் பெருக்கினால் வாற்று வரும். 5 அம்பியர் செருகி 1150 வாற்றுத்தான் தாங்கும்; 15 அம்பியர் செருகி 3450 வாற்றுத் தாங்கும். 500 வாற்றுப் பழைய விளக்குகள் எட்டை ஒரே செருகியிற் கொளுவினால் 4000 வாற்று, அதாவது 17 அம்பியருக்கு மேல். உருகி எரியும். எரிவது அதன் கடமை. அது எரிந்தவுடன், "தம்பி, மொத்தக் கம்பியாய்ப் போடு" என்று சொல்ல ஒருவர் எப்போதும் வருவார். அவரை மண்டபத்துக்கு வெளியே அனுப்பிவிடுங்கள். உருகி எரியாவிடின் கூரைக்குள் ஓடும் வயர் எரியும். இன்றைய எல்.ஈ.டி. விளக்குகளில் 150 வாற்று விளக்குகள் ஆறு சேர்ந்தாலும் 900 வாற்றே. அதனால் நமது பாரம் குறைந்திருக்கின்றது. கணக்குப் பார்க்கும் கடமை குறையவில்லை.

1881 ஆம் ஆண்டு திசெம்பரில் இலண்டன் சவோய் அரங்கிலே, மின்விளக்கு அபாயமற்றது என்பதைக் காட்டும்பொருட்டு, அதன் உரிமையாளர் டொயிலி காட் எரியும் மின்குமிழ் ஒன்றை எளிதில் தீப்பற்றும் மஸ்லின் துணியாற் சுற்றிச் சபையோர் முன்னிலையில் உடைத்துக் காட்டினார். துணி பற்றவில்லை, சபை ஆரவாரித்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றன. 1903 திசெம்பர் 30 ஆம் நாள் சிக்காகோ நகரத்து இரோகுவா அரங்கிலே விடுமுறைக் காலப் பகற்காட்சி. மேடை வில்விளக்கு ஒன்றிலிருந்து தெறித்த பொறி ஒரு மஸ்லின் திரையிற் பற்றிற்று. தீத்தடுப்புத் திரை இறங்காமற் சிக்கிக்கொண்டது; வெளியேறும் கதவுகள் பல பூட்டப்பட்டிருந்தன. அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். அந்த அரங்கு திறந்து ஆறு கிழமைகூட ஆகவில்லை.

ஆகையால் இவற்றை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சூடேறும் விளக்குக்கும் திரைக்கும் இடையே மூன்றடிக்குக் குறையாமல் இடைவெளி வேண்டும். சுருளாகக் கிடக்கும் நீட்டு வயரை முழுதும் விரித்தபின்பே பாவிக்கவேண்டும்; சுருளுக்குள் வெப்பம் தேங்கி உறை உருகும். ஏர்த் வயர் இல்லாத விளக்கு மேடைக்கு ஆகாது. 30 மில்லி அம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் இருக்கின்றதா என்று முன்னரே பாருங்கள். தொங்கும் விளக்கு ஒவ்வொன்றுக்கும் பிடியோடு பாதுகாப்புச் சங்கிலியும் பூட்டுங்கள். கீழே நிற்பது நம் வீட்டுப் பிள்ளை. முற்காலத்திலே ஒளியை மங்கச்செய்ய மண்குழாயில் உப்புநீர் நிரப்பி அதில் மின்சாரம் பாய்ச்சுவர். அந்தக் கெட்டித்தனத்தை இன்று ஒருவரும் பரீட்சிக்கவேண்டாம். பிரதான பெட்டியைத் திறக்கும் வேலை எதுவாயினும் அனுமதி பெற்ற மின்வினைஞரிடம் விடுங்கள். கதவுகள் பூட்டப்படாமல் இருக்கின்றனவா என்று திரை விலகுமுன் ஒருவர் சென்று பார்த்துவரவேண்டும்.

ஒளி ஒத்திகை

நடிகருக்குப் பத்து ஒத்திகை வைப்போம், விளக்குக்கு ஒன்றுமில்லை. இது நீதியன்று. மேடை நாளுக்கு முந்திய மாலை, நடிகரில்லாமல் விளக்குக்கென்றே ஓர் ஒத்திகை வையுங்கள். ஒரு தம்பி ஒவ்வோர் இடத்திலும் நிற்கட்டும்; நீங்கள் கடைசி வாங்கிலிருந்து அவன் முகத்தைப் பாருங்கள். முன்வரிசையிலிருந்து பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். அங்கே தலைவரும் பிரதம விருந்தினரும் இருப்பர். பிள்ளையின் தாய் பெரும்பாலும் பின்னாலேயே இருப்பாள்.

அதன்பின் ஒளிக்குறிப்பு எழுதுங்கள். மாற்றம் ஒவ்வொன்றுக்கும் இலக்கம் இட்டு, எந்தச் சொல்லில் அல்லது எந்த அசைவில் தொடங்குவது, எத்தனை எண்ணும் நேரத்தில் முடிப்பது, எந்த விளக்கு எவ்வளவு என்பவற்றைக் குறியுங்கள். சிறிய நாடகத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மாற்றங்கள் போதும். சுவிச்சருகே இருப்பவர் ஒருவர். அவருக்குச் சொல்பவர் ஒருவர். மூன்றாமவர் ஒருவர் அங்கே வந்து ஆலோசனை கூறலாகாது. பின்வரிசையிலிருந்து யார் கூவினாலும் குறிப்பில் இல்லாத சுவிச்சைத் தொடலாகாது. இதை நான் பட்டறிந்து கூறுகின்றேன்.

அன்பர்களே, ஒளியமைப்பாளனுக்கு மாலை விழாது. அவன் பெயரை ஒலிபெருக்கியிற் சொல்ல மறந்துவிடுவர். வேலை நன்றாயிருந்தால் ஒருவரும் அவனை நினையார். பிழைத்தாற்றான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பர். ஆயினும், மூன்று மாதம் பாடுபட்ட ஒருவரின் முகத்தைச் சபைக்குக் காட்டுவதும் மறைப்பதும் அவன் கையிலேயே இருக்கின்றன. இந்த மண்டபத்திலே யாரேனும் ஒரு தம்பியோ தங்கையோ இன்று அந்தப் பொறுப்பை ஏற்பாராயின், அளவுநாடாவும் கட்டத்தாளும் நான் வாங்கித் தருவேன். முதல் நாள் அளக்கவும் கூட வருவேன்.

அந்த அண்ணருக்கு நான் பட்ட கடனை இந்த வழியிலேனும் சிறிது தீர்க்கலாம் என எண்ணுகின்றேன்.